காளையின் காது

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. வாய் நீளம், பொறுமை கட்டை. மதுரைக்குத் தொலைக்காட்சி வந்த புதிது. தொலைக்காட்சிக்குக் கார்ட்டூன் எடுக்கப்போவதாகச் சொன்ன ஒரு முதலாளியிடம் கதை எழுதச் சேர்ந்தேன். பசுமலையில் சைக்கிள் கடைக்கு மேலே ஒரே அறை. முதலில் ஒரு நிமிடப் படம் எடுத்துச் சென்னைக்குக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். பிடித்தால் தொடர் கிடைக்கும். பிடிக்காவிட்டால் நான் மாமாவின் இரும்புக் கடையில் ஆணி நிறுக்கப் போக வேண்டியதுதான்.

படம் வரைந்தவன் அவனியாபுரத்துக்காரன், என் வயதுதான். லாரிகளுக்குப் பூவும் மயிலும் வரைந்துகொண்டிருந்தவன். டியூப்லைட்டுக்கு மேல் கண்ணாடி போட்ட மேசையில் குனிந்தால் சோறு தண்ணி மறந்துபோவான். கண்ணாடி போன்ற தாளில், ஒவ்வோர் அசைவுக்கும் ஒரு தாள் என்று வரைய வேண்டும். அந்தத் தாள் மதுரையில் கிடைக்காது. அதனால் படம் பிடித்து முடிந்த தாள்களைக் கழுவிக் காயவைத்து மறுபடி வரைவான்.

நான் ஜல்லிக்கட்டுக் கதை எழுதிக் கொடுத்தேன். காளைக்கு எட்டு வரி வசனம். கடைசியில், ‘ஆயிரம் பேர் ஆர்ப்பரிக்கிறார்கள்.’

அவன் படித்துவிட்டுச் சிரித்தான். “மாப்ள, நீ ஒத்த வரியில ஆயிரம் பேருன்னுட்ட. அம்புட்டுப் பேரையும் யாரு வரையிறது, ஒங்க அப்பாவா?”

“வரையத் தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லுடா!” என்று கத்தினேன்.

அவன் கோபப்படவில்லை. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வரச் சொன்னான். அங்கே அவர்கள் வளர்க்கும் காளை வைக்கோல் தின்றுகொண்டிருந்தது. தெருவில் யாரோ குடத்தைக் கீழே போட்டார்கள். காளை அசையவில்லை. ஒரு காது மட்டும் தெருப்பக்கம் திரும்பியது.

“பாத்தியா? தெருவுல ஆளு நிக்கிதுன்னு அந்தக் காது சொல்லிருச்சு. ஒன் ஆயிரம் பேரையும் அதுக்குள்ள வச்சிரலாம்.”

அடப்பாவி என்றிருந்தது. பொறாமையில் வயிறு எரிந்தது; அவனைக் கட்டிப்பிடிக்கவும் தோன்றியது. அன்றைக்கே எட்டு வரி வசனத்தையும் ஆயிரம் பேரையும் அடித்துவிட்டு, ‘காளையின் காது திரும்புகிறது’ என்று மட்டும் எழுதினேன்.

அந்தக் காதை ஒரு வாரம் வரைந்தான். கூட்டத்தின் சத்தத்துக்குச் சைக்கிள் கடைக்காரர்கள் டேப்ரெக்கார்டர் முன்னால் தொண்டை கிழியக் கத்தினார்கள்.

முதலாளி எங்கள் இருவரையும் சென்னைக்கு அழைத்துப் போனார். தொலைக்காட்சி நிலைய அதிகாரி படத்தை இரண்டு முறை போடச் சொல்லிப் பார்த்தார். “ஒரு வசனம்கூட இல்லாம எழுதியிருக்கீங்களே! தொடரை நீங்களே எழுதுங்க” என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் படத்தின் முடிவில் ‘கதை’ என்று என் பெயர் மட்டும் வந்திருந்தது. அவன் பெயர் வரவே இல்லை. இரண்டு பெயர்களையும் தனித்தனித் தாளில் அவன் எழுதி வைத்ததை நான் பார்த்திருந்தேன்.

வெளியே வந்ததும் அவன் சட்டையைப் பிடித்தேன். “ஒன் பேரு எங்கடா?”

“காது திரும்புறதுக்கு ஒரு தாளு கொறஞ்சுச்சு மாப்ள. பழைய தாளெல்லாம் கழுவிக் கழுவிக் கீறிப்போச்சு, அதான் எம் பேரு எழுதுனதைக் கழுவிட்டேன்.”

அந்தத் தொடருக்கு நான் எழுதிய ஒவ்வொரு கதையிலும் முதல் வரி அவன் பெயர்தான்.