மகாலட்சுமி ஒட்டிய பேட்

போன வாரம் விருதுநகரில் எங்கள் தெருவில், மின்கம்பியில் உரசிய பூவரச மரத்தின் கிளைகளை வெட்டிப் போட்டார்கள். அந்தப் பச்சை வாசனை மூக்கில் ஏறியதும், இதில் ஒரு பேட் தேறுமா என்று கை தானாகக் கட்டையைத் தட்டிப் பார்த்தது. எனக்கு வயது அறுபதைத் தாண்டியாயிற்று. கைக்கு அது தெரியவில்லை.

உங்களிடம் சொல்வதற்கென்ன, எனக்குக் கிரிக்கெட் ஆட வராது. பேட் செய்ய வரும். அப்படித்தான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். இளவட்டமாக இருந்தபோது திருத்தங்கலில் ஒரு அச்சாபீசில் பேப்பர் வெட்டும் மெஷினில் வேலை. ஞாயிற்றுக்கிழமை ஆனால் இழைப்புளியும் அரமுமாக உட்கார்ந்துவிடுவேன். தீப்பெட்டிக் கம்பெனிக்கு வரும் மட்டிமரம் லேசாக இருக்கிறதே என்று அதில் ஆரம்பித்தேன். குச்சிக்கு ஆகிற மரம் பேட்டுக்கு ஆகுமா? ஆறு செய்தேன், ஆறும் உடைந்தன. ஒன்று பந்து படுவதற்கு முன்பே, தரையில் தட்டும்போதே போய்விட்டது.

எங்கள் டீம் கேப்டன் சேவியர், அதே அச்சாபீசில் ஆப்செட் மெஷின் ஓட்டியவன். ஆறாவதும் போன அன்று தீர்த்துச் சொல்லிவிட்டான்.

"ஏலே, இன்னும் ஒண்ணு பாப்பேன். அதும் ஒடைஞ்சா, பெறகு ஒன் பேட்ட நான் தொடவே மாட்டேன்."

எனக்குச் சோறு இறங்கவில்லை. ஏழாவதைப் பூவரசில் செய்தேன். கைப்பிடிக்கு, அணுகுண்டு வெடிக்குச் சுற்றுகிற சணலைப் பசை தடவி இறுக்கினேன். எல்லாம் சரி, கடை பேட்டில் ஸ்டிக்கர் இருக்குமே, அது இல்லாமல் மூளியாகத் தெரிந்தது. காலண்டர் சீசன் வேறு, வேஸ்ட் தாள் அத்தனையும் சாமி படம். அதை நாங்கள் மிதிக்க மாட்டோம், குப்பையிலும் போட மாட்டோம், தனியாக அடுக்கி வைப்போம். அந்த அடுக்கிலிருந்து சின்னதாக, பளிச்சென்று ஒரு மகாலட்சுமியை எடுத்து பேட்டின் முகத்தில் ஒட்டி, மேலே மூன்று கோட்டு வார்னிஷும் அடித்தேன். என் கண்ணே பட்டுவிடும்போல இருந்தது.

தீபாவளி முடிந்து பட்டாசுக் கம்பெனிகள் லீவு விட்டிருந்த சமயம். வெம்பக்கோட்டை அணைக்குப் பக்கத்துப் பொட்டலில் மேட்ச், எதிர் டீம் பட்டாசுக் கம்பெனிக்காரர்கள். முதல் பந்துக்கு சேவியர் நின்றான். வேகமாக ஓடி வந்த பௌலர் பாதியில் நின்றார். செருப்பைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"அண்ணாச்சி, லட்சுமி மேல எப்படிப் பந்து எறிய? வருசம் பூரா நாம கஞ்சி குடிக்கிறதே அவளாலதான?"

அம்பயரும் ஆமாம் என்று தலையாட்டினார். சேவியர் பேட்டைத் திருப்பிப் பார்த்தான்.

"நான் வேதக்காரன், சர்ச்சுக்குப் போறவன்தான். ஆனா எனக்கும் கை வரலயேலே."

படத்தைச் சுரண்டிவிடலாம். யார் சுரண்டுவது? ஒட்டிய எனக்கே தைரியமில்லை. கடைசியில் எதிர் டீமிடமே இரவல் பேட் வாங்கி ஆடினோம், தோற்றோம்.

அதை விறகாக்கவும் முடியாதே! அச்சாபீஸ் சாமி அலமாரியில் ஏறிவிட்டது. ஆயுதபூஜைக்கு ஆயுதபூஜை சந்தனம், குங்குமம், மாலை. டீமுக்குக் கடை பேட் வந்தது. மற்ற ஆறும் உடைந்தாலும் களத்தில் உடைந்தன, இது ஒரு பந்துகூடப் பார்க்கவில்லையே என்று எனக்கு மனசு கிடந்து அடித்துக்கொள்ளும். ஏழாவதற்கு ஒரு முடிவு தெரியாமல் எட்டாவதைத் தொடவும் தோன்றவில்லை. அப்படியே வருஷங்கள் ஓடிவிட்டன.

இந்த வருஷத் தொடக்கத்தில் அந்த அச்சாபீஸை மூடினார்கள். சாமான்களை லோடு ஏற்றும் நாளில் நானும் சேவியரும் போயிருந்தோம். அலமாரியிலிருந்து பேட்டை இறக்கித் துடைத்தால், லட்சுமியைக் காணோம்! அச்சு மையில் மஞ்சள் முதலில் வெளிறும், அப்புறம் சிவப்பு, நீலம் மட்டும் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். அந்த நீலமும் போய், வெறும் தாள்தான் ஒட்டிக்கொண்டிருந்தது.

சேவியர் வழுக்கையைத் தடவிக்கொண்டான். "படம் போயிருச்சுலே. இனி அடிக்கலாம்ல?"

காம்பவுண்டுக்குள் ஒரு பழைய ரப்பர் பந்து கிடந்தது. எடுத்துப் போட்டேன். இத்தனை வருஷக் கடனையும் சேர்த்து ஓங்கி அடித்தான். பந்து சுவரைத் தாண்டிப் பறந்தது. பேட் இரண்டாகப் பிளந்தது. உள்ளே பூராவும் உளுத்துப்போய் மாவாகக் கொட்டியது. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, என் பேட் ஆடிவிட்டது.

"ஏழாவதும் ஒடைஞ்சிருச்சு. பேச்சு பேச்சாத்தான் இருக்கணும். இனி ஒன் பேட்ட தொட மாட்டேன்," என்றான்.

இப்போது அந்த இடத்தில் கார் நிறுத்துகிறார்கள். மெஷின் இல்லை, டீம் இல்லை, அலமாரியும் இல்லை. தெருவில் கிடந்த பூவரசக் கிளைகளில் நல்லதாக ஒன்றை மட்டும் வீட்டுக்குள் இழுத்துப் போட்டிருக்கிறேன். சேவியரிடம் இன்னும் சொல்லவில்லை.