தொட்டியைத் தெளியவைத்தவர்

எங்கள் வீட்டில் உயிர்ப்பவளம் வளர்க்கும் மீன் தொட்டியில் பழுப்பு நிறத்தில் சளிபோல் ஒரு பாசி படர்ந்துகொண்டே இருந்தது. வாராவாரம் தண்ணீர் மாற்றினேன். அது இன்னும் கொழுத்தது. கடைசியில், இந்த வளைகுடா ஊரின் ரோலா கடைத்தெருவில் வளர்ப்பு மீன் கடையில் வேலை செய்யும் ஒருவரை வரவழைத்தேன். ஒல்லியான மனிதர், ராமநாதபுரத்துப் பக்கம். தொட்டியைத் தொடுமுன் சட்டைக்கையை நிதானமாக மூன்று மடிப்பு மடிப்பார்.

பாசியைக் கொஞ்சம் பாட்டிலில் போட்டுக் குலுக்கிவிட்டுக் காத்திருந்தார். என்னிடம் ஆங்கிலம் தவிர எதுவும் பேசாத என் மகள், அவர் பக்கத்தில் உட்கார்ந்து தமிழில் கேள்விமேல் கேள்வி கேட்டாள். எனக்கு வயிறு எரிந்தது.

கலைந்த பாசி மறுபடி இழை இழையாகத் திரண்டது.

"பாத்தீங்களா சார், கலைச்சாலும் சேந்துக்குது. இது வேற ரகம். நீங்க மாத்துற தண்ணிதான் இதுக்குத் தீனி. மூணு நாள் விளக்க அணைச்சு வைங்க. தண்ணிய மாத்தாதீங்க, போதும்."

நான்கு முறை வந்தார். தொட்டி தெளிந்தது. "இனி நான் வர வேண்டியதில்ல சார்" என்றார். நிம்மதியாகக் கதவைச் சாத்தினேன்.

நேற்று மகள், அவர் வராத வாசலைப் பார்த்துவிட்டு என் அருகில் வந்து உட்கார்ந்தாள்.

"அப்பா, நாம தண்ணி மாத்தலாமா?"

தமிழில்தான் கேட்டாள்.