பறந்ததற்குப் பரிசு இல்லை

போன ஞாயிற்றுக்கிழமையிலிருந்து எனக்குக் கோபம் தணியவில்லை. நீங்களே சொல்லுங்கள் – விமானம் என்றால் பறக்க வேண்டுமா, வேண்டாமா?

புதுக்கோட்டைப் பொருட்காட்சியில் மாதிரி விமானப் போட்டி. ஜெயிப்பவருக்கு மெட்ராஸ் பொருட்காட்சியில் இடம். குளத்தூரில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருக்கும் என் நண்பர் சவரிமுத்து, அந்த மெட்ராஸுக்காகவே இரண்டு வருஷம் உழைத்தவர். அவருடைய விமானத்துக்கு மோட்டார் கிடையாது. மூங்கில் சிம்பும் மெல்லிய காகிதமும்தான். தரையில் ஒரு ரேடியோப் பெட்டி. பட்டனை அமுக்கினால் மேலே வால் திரும்பும்.

மேலே ஏற்றுவது எப்படி? சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டயர் கழற்றிய பின்சக்கரத்தில் தூண்டில் நரம்பின் ஒரு முனையைக் கட்டினோம். மறுமுனை, நூறு கஜம் தள்ளி, விமானத்தின் வயிற்றுக் கொக்கியில். நான் பெடலைக் கையால் சுழற்றினேன். நரம்பு சுருளச் சுருள, விமானம் ஜிவ்வென்று ஏறியது. உச்சியில் நரம்பு கழன்று விழுந்தது. அப்புறம்... அடேயப்பா! வெயிலில் சூடேறி எழும் காற்றில் பருந்து மாதிரி வட்டமடித்துவிட்டு, சவரி பட்டனை அமுக்க, எங்கள் காலடியிலேயே வந்து இறங்கியது.

அடுத்தது பேட்டரி மோட்டார் வைத்த விமானம். பேட்டரி கனத்தில் எழும்பவே இல்லை. மேஜைமேல் வைத்து ஸ்விட்ச்சைப் போட்டார்கள். முன்னால் இருந்த காற்றாடி சுற்றியது.

முதல் பரிசு அதற்கு!

"ஏங்கய்யா, எம் பிளேன் பறந்துச்சுங்க. அது தரைய விட்டு எந்திரிக்கவே இல்லையேங்க" என்றார் சவரி.

"கயித்தக் கட்டி இழுத்தா அது பட்டம்யா. சொந்த சக்தியில கெளம்பணும். எலெக்ட்ரிக்னா எலெக்ட்ரிக்தான்!" என்றார் நடுவர். பெரிய ஆபீசர்.

"நரம்புதான் கழண்டுருச்சே! அப்பறம் அவ்வளவு நேரம் பறந்தது யாரு சக்தியிலங்க?" என்று கத்தினேன். அவர் வாட்சைப் பார்த்தார்.

வெளியே வந்து காரில் ஏறினார். கார் கிளம்பவில்லை. பேட்டரி செத்துப்போயிருந்தது! ஆறு பேர் தள்ளினோம். சவரியும் மூச்சைப் பிடித்துத் தள்ளினார். அந்த மனசு எனக்கு வராது. நான் கையை மட்டும் வைத்திருந்தேன். இருபது அடி போனதும் இன்ஜின் உறுமியது.

ஜன்னலோரம் ஓடிக்கொண்டே கேட்டேன்: "ஏங்கய்யா, நாங்க தள்ளித்தானே கெளம்புச்சு... இது காரா, கைவண்டியா?"

கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

சவரியின் விமானம் குளத்தூர் பஸ்ஸின் கூரையில் ஊர் திரும்பிவிட்டது. மெட்ராஸுக்குப் போவது அந்த மேஜைக் காற்றாடிதான். போகட்டும்... அங்கே புழுக்கம் ஜாஸ்தியாம்!