ஒரு நாள் முந்தி வந்த முறை

கணினியைக் கண்டுபிடித்தவன் மட்டும் அரிப்புக் கிராமத்துப் பக்கம் வந்தால் அவனைத் தோணியில் ஏற்றித் துடுப்பில்லாமல் கடலில் விடவேண்டும் என்று அன்ரோனெற் அந்தக் கிழமை முழுக்கத் திட்டிக்கொண்டு திரிந்தாள். திட்டியவள் யார்? முருங்கனில் பிள்ளைகளுக்குக் கணினி படிப்பிக்கிறவள்!

வயது முப்பத்தொன்று. தகப்பன் விட்டுப்போன கரைவலையும், தாய் றஞ்சினியும், வலை இழுக்கிற பதினெட்டுப் பேரும் அவள் தலையில். அந்தக் கரையில் வலை ஏழு, வளைக்கிற இடமோ ஒன்று. ஆகவே நாளுக்கொரு வலை, முறை வைத்துத்தான். காற்றடித்துத் தொழில் கெட்டால் அந்த முறை போனது போனதுதான். செத்தவீடு, கலியாணம் என்று வலைச் சொந்தக்காரர்கள் தங்களுக்குள் முறையை மாற்றியும் கொடுப்பார்கள். பிறகு தந்தாய், தரவில்லை என்று கரையே நாறும்.

அந்தச் சண்டை பொறுக்காமல்தான் இணையத்தில் ஒரு முறைப் பட்டியல் செய்தாள். வாய் பொய் சொல்லும், இது சொல்லாது என்று வீடு வீடாகப் படலையில் நின்று கெஞ்சினாள். ஏழு பேரும் போனைப் பார்த்து வலை ஏற்றுகிற பழக்கத்துக்கு வர இரண்டு வருடம் பிடித்தது.

அந்தப் பட்டியல் திடீரென்று படுத்துவிட்டது. இணையத்தில் இடம் வாடகைக்குக் கொடுத்த கம்பனி சொல்லாமல் கொள்ளாமல் தன் கணினிகளைப் புதுப்பித்திருந்தது. பக்கத்துக்கும் தரவுத்தளத்துக்கும் நடுவில் நின்று பேச்சைக் கொண்டுபோகிற சின்னச் செயலிக்கு ட்றைவர் என்று பெயர். அவளுடையது பழசு. புதுத் தரவுத்தளம் அதை வாசலிலேயே மறித்தது. பட்டியல் உள்ளே பத்திரமாகத்தான் இருந்தது, எடுக்கத்தான் வழியில்லை.

ஆகப் புதிய ட்றைவரைப் போட்டாள். அவள் எழுதிய செயலி அதற்குக் கிழடாம், ஒத்துவராதாம். செயலியைத் திருத்தி எழுத ஒரு மாதம் வேண்டும். கொஞ்சம் பழையதைப் போட்டாள். கடவுச்சொல்லை வாங்கி வைத்துக்கொண்டு அது கல்லுப்போல நின்றது. கம்பனிக்கு அழைத்தால் ஒரு பெண்குரல் சிங்களத்தில் பொறுக்கச் சொல்லிவிட்டு இசையைப் போட்டது. நாலு நாள் இதே கூத்து! கச்சான் காற்று அடித்ததால் அந்த நாலு நாளும் யாரும் வலை வைக்கவில்லை. ஆனால் யாருடைய முறை காற்றோடு போனது, யாருடையது நிற்கிறது என்று ஒருவருக்கும் தெரியாது.

"காத்து விழுகுது பிள்ளை. சூடை மீன் கரைக்குக் கிட்ட நிக்குதாம். நாளைக்கு ஆருக்கு எண்டாவது சொல்லன்" என்று தாய் நச்சரித்தாள்.

"தெரிஞ்சால் சொல்லமாட்டனே அம்மா? சும்மா என்ரை உயிரை வாங்காதேங்கோ!"

வியாழன் பின்நேரம், ஐந்தாவதாகப் போட்ட ட்றைவர் ஒத்துக்கொண்டது. பக்கம் திறந்தது. "சேசுவே!" என்று கத்தியேவிட்டாள். வெள்ளி, றஞ்சினி வலை என்று இருந்தது. காற்று விழுந்த முதல் நாள் மீன் அவர்களுக்கு! தாய் ஓடிவந்து கன்னத்தைப் பிடித்துக் கொஞ்சினாள். கரையில் எல்லாருடைய போனிலும் அதுவே தெரிந்தது. வியாழன் முறை இன்னொரு வலைக்காரரான செபஸ்தியாம்பிள்ளைக்கு என்று காட்டியது. 'காத்தோடை போச்சுது' என்று அவரும் விட்டுவிட்டாராம். பதினெட்டுப் பேரும் வலையைத் தோணியில் ஏற்றத் தொடங்கினார்கள்.

பட்டியலைச் சற்றுக் கீழே இழுத்தபோதுதான் அவள் அதைக் கண்டாள். சனிக்கிழமைக்கு நேரே 'வலை இல்லை' என்று இருந்தது. அந்தக் கரையில் வலை வைக்காத நாள் ஞாயிறு, பூசை நாள். சனியாவது, வலை இல்லாமலாவது!

பாழாய்ப்போன ட்றைவர் இங்கிலாந்து நேரத்தில் வாசிக்கிறது. நமக்கு நள்ளிரவில் ஒரு நாள் பிறக்கும்போது அதற்கு இன்னும் முதல்நாள் பின்நேரம்தான். எல்லா முறையும் ஒரு நாள் முந்தி நிற்கிறது. உண்மையில் வெள்ளி செபஸ்தியாம்பிள்ளைக்கு. அவளுக்குச் சனிதான்.

பேசாமல் இருந்தால் என்ன? ஒருவருக்கும் தெரியாது. பதினெட்டு வீட்டிலும் நாலு நாளாகச் சோறும் சம்பலும்தான். கதிரையில் இருந்தபடியே அழுகை வந்தது. அழுகையை விடக் கோபம் கூட வந்தது. ஒரு வரியைத் திருத்தினாள். பட்டியல் சரியாக வந்தது. சைக்கிளை எடுத்துக்கொண்டு கரைக்குப் போனாள்.

அதற்குள் போன்களில் பட்டியல் மாறியிருந்தது. மீனவர் சங்கத் தலைவர் அலெக்ஸாண்டர் அவளைக் கண்டதும் போனை நீட்டினார்.

"என்ன பிள்ளை இது? அப்ப இவ்வளவு நாளும் நினைச்சபடி மாத்திக்கொண்டுதான் இருந்தனியோ?"

இங்கிலாந்து நேரம், ட்றைவர், நள்ளிரவு என்று அவள் தொண்டை வரளச் சொன்னாள். கேட்டவர்கள் ஆளை ஆள் பார்த்தார்கள். அவளுடைய ஆட்களே ஏற்றிய வலையை இறக்க மறுத்தார்கள். "மெசின் எங்களுக்கெண்டு சொல்லிப்போட்டுதே! மெசினை நம்புங்கோ எண்டு நீதானே கத்தினனி?" என்றான் ஒருவன்.

"அந்த மெசின் பிழை! நான் சொல்லுறன், நாளைக்கு எங்கடை முறை இல்லை!"

கடைசியில் செபஸ்தியாம்பிள்ளை எழும்பினார். கரையில் எல்லாருக்கும் பிந்திப் போன் வாங்கிய மனிதர் அவர்.

"தன்ரை முறையைத் தானே வெட்டுறவள் பொய் சொல்லமாட்டாள். வலையை இறக்குங்கோடா."

இறக்கினார்கள். அவர் அன்ரோனெற் பக்கம் திரும்பினார்.

"ஆனால் பிள்ளை, உந்தப் பட்டியல் எங்களுக்கு இனி வேண்டாம். நீ வாயாலை சொல்லு, காணும்."

"ஓம் ஓம், அதுதான் சரி" என்றார்கள் மற்ற ஐந்து வலைக்காரரும் ஒரே குரலில். ஒரு நாளும் ஒத்துப்போகாதவர்கள்!

"மாமா, இப்ப அது சரியாத்தான் காட்டுது. ஒருக்கால் பாருங்கோவன்."

"எங்களுக்கு அது விளங்காது. உன்னை விளங்குது."

வெள்ளி அவருக்குத் தோணி கொள்ளாத சூடை. தாய் அன்று முழுக்க அவளோடு கதைக்கவில்லை. சனி விடிய, வலை வைக்கும் முன்பே ஒரு வலைக்காரர் போன் அடித்தார்.

"பிள்ளை, திங்கள் ஆருக்கு?"

அன்ரோனெற் பல்லைக் கடித்துக்கொண்டு பக்கத்தைத் திறந்து, வாசித்துச் சொன்னாள். முழுக் கரையிலும் அதைப் பார்க்கிற ஆள் இப்போது அவள் ஒருத்திதான்.