சிந்தியதைச் சிந்தியது என்று எழுதியவள்

இல்கா வர்காவுக்கு டாக்டர்களில் பாதிப் பேரைப் பிடிக்காது. மீதிப் பேரை அவள் மதிப்பதில்லை. திஸா ஆற்றங்கரை ஊரின் ஆஸ்பத்திரியில், குறைமாதக் குழந்தைகள் வார்டில் பத்தொன்பது வருட நர்ஸ். பன்றிக்கொழுப்பு தடவிய ரொட்டியையும் பச்சை மிளகாயையும் நின்றபடியே தின்றுவிட்டு வேலைக்கு இறங்குகிறவள்.

எழுபத்து மூன்றாம் வருடம் டாக்டர் போத்னார் ஓர் ஆராய்ச்சியோடு வந்தார். குழந்தைகளின் சிறுநீரில் எவ்வளவு உப்பு போகிறது, உப்பைப் பிடித்துவை என்று சிறுநீரகத்துக்குச் சொல்லும் ஹார்மோன் எவ்வளவு போகிறது, குறைமாதத்துக்கும் நிறைமாதத்துக்கும் என்ன வித்தியாசம் என்று பார்க்க வேண்டுமாம். ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு முழுநாள் சிறுநீர் வேண்டும். அவர் பத்து மணிக்கு சென்ட் வாசனையோடு வருவார், பதினொன்றுக்குப் போய்விடுவார். சிறுநீர் பிடிக்கும் பையைக் குழந்தையின் உடம்பில் ஒட்டுவது இல்கா.

ஆயிரத்து முந்நூறு கிராம் குழந்தையின் தோல் வெங்காயச் சருகு மாதிரி. அழுத்தி ஒட்டினால் தோலே உரிந்து வரும். லேசாக ஒட்டினால் பை நழுவும். நழுவிய நாளில் இல்கா தாளில் அளவுக்குப் பதில் "சிந்தியது" என்று எழுதினாள்.

"சிந்தினதையெல்லாம் எதுக்குங்க சிஸ்டர் எழுதுறீங்க? சராசரியா ஒரு அளவு போட்டுடலாமே," என்றார் போத்னார்.

"எந்தக் குழந்தையும் சராசரியா ஒண்ணுக்குப் போறதில்லைங்க டாக்டர்."

அவர் சிரித்துவிட்டுத் தாளை எடுத்துப்போனார். மறுவாரம் தட்டச்சு செய்து வந்த அட்டவணையில் ஒரு கட்டம்கூடக் காலியில்லை. பெரிய படிப்பு படித்தவன் சின்னப் பொய்யைக்கூட எவ்வளவு சுத்தமாகச் சொல்கிறான் என்று நினைத்துக்கொண்டாள்.

அந்த அட்டவணையில் யெனோ என்ற குழந்தையும் இருந்தான். இருபது நாளாகியும் எடை ஏறவில்லை. பால் குடிக்கும்போதே தூங்கிவிடுவான். அட்டவணைப்படி அவனுக்கு ஒரு குறையுமில்லை. லேபிலிருந்து வந்த பழைய சீட்டுகளை இல்கா எடுத்துப் பார்த்தாள். பை நழுவாத நாட்களில் அவன் உப்பை வாரி இறைத்துக்கொண்டிருந்தான். ஹார்மோனும் நிறையவே இருந்தது. அது தொண்டை கிழியக் கத்தியும், முதிராத சிறுநீரகத்துக்குக் காது கேட்கவில்லை.

சீட்டுகளை வார்டு டாக்டர் எமொகேயிடம் நீட்டினாள்.

"போத்னார் எல்லாம் சரியா இருக்குன்னாரே?"

"அவர் காகிதத்தைப் பாத்துச் சொன்னாரும்மா. நீ பிள்ளையப் பாரு."

எமொகே ரத்தம் எடுத்துப் பார்த்தாள். உப்பு அதலபாதாளத்தில் இருந்தது. அன்றே பாலில் சொட்டுச்சொட்டாக உப்புநீர் சேர்த்தார்கள். பத்தே நாளில் யெனோ அழும் சத்தம் தாழ்வாரம் வரை கேட்டது.

குறைமாதக் குழந்தைகளுக்குக் கூடுதல் உப்பு தேவை என்று போத்னார் புடாபெஸ்ட்டுக்குப் போய் டாக்டர்கள் மாநாட்டில் பேசினார், கைதட்டல் வாங்கினார். அவர் கட்டுரையில் நன்றி சொன்ன வரியில் இல்காவின் பெயர் 'இலோனா சிஸ்டர்' என்று தப்பாக அச்சாகியிருந்தது. திரும்பி வந்தவர் அவளிடம் சாக்லேட் பெட்டியை நீட்டி, அடுத்த ஆராய்ச்சிக்கும் பை ஒட்டச் சொன்னார்.

"இந்தத் தடவை நீங்களே ஒட்டுங்க. சராசரியா ஒட்டினாப் போதும்."

எமொகே பார்த்துக்கொண்டிருந்ததால் அவரால் மறுக்க முடியவில்லை. மூன்று பை நழுவியது. நாலாவது குழந்தை அவர் கழுத்து டையிலேயே ஒண்ணுக்குப் போய்க் கணக்கைத் தீர்த்தது. வசந்தத்துக்குள் பெரியவர்கள் வார்டுக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

சாக்லேட்டை இல்கா சலவைக்காரப் பெண்களிடம் கொடுத்தாள். அதில் பாதி உருகிப்போயிருந்ததாம்.