ஆங்கிலத்தில் சுலபமாக டைப் செய்த பெயர்

இன்று காலை புனே ஹிஞ்சேவாடி டிராஃபிக்கில்...

முக்கால் மணி நேரமாக கேப் நகரவே இல்லை!

நானும் இருப்புக்கொள்ளாமல் இந்த ஜன்னலுக்கும் அந்த ஜன்னலுக்கும் நகர்ந்துகொண்டே இருந்தேன். (டிரைவர் கண்ணாடியில் பார்த்துவிட்டு ஏசியைக் கூட்டினார். வெக்கை தாங்கவில்லை என்று நினைத்துவிட்டார், பாவம்!)

வெக்கை இல்லை. பதினோரு மணிக்கு என் டீமில் ஒருவனைக் கூப்பிட்டு, "உனக்கு வேலை போய்விட்டது" என்று நான் சொல்லியாக வேண்டும்.

அவன் பெயர் பாண்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். விருதுநகர்க்காரன். கீழே டீக்கடைக்கு வந்தால் என்னை அக்கா என்பான்; மேலே ஆபீஸில் ஆங்கிலம்தான். எங்கள் டீமில் தமிழ் பேச அவனுக்கு நான், எனக்கு அவன். வேறு நாதியில்லை.

அவன் பெயரை எழுதிக் கொடுத்ததும் நான்தான்.

போன வாரம் மேலிடத்திலிருந்து ஒரு எக்செல் ஷீட் வந்தது. ஏழு பேரில் ஒருவரைக் குறைக்க வேண்டும். ஸ்கில், ப்ராஜெக்ட் ஃபிட், பிசினஸ் கிரிட்டிக்கல் என்று வரிசையாகக் கட்டங்கள். மடமடவென்று நிரப்பினேன். கடைசியில் பாண்டி பெயருக்கு நேராக 'இம்பேக்டட்' (வேலை போகிற ஆளுக்குக் கம்பெனி வைத்த பெயர்!) என்று டைப் செய்து அனுப்பிவிட்டேன். கையிலிருந்த காபி ஆறுவதற்குள் வேலை முடிந்தது. அன்று நிம்மதியாகத் தூங்கினேன் என்று சொல்லவே இப்போது கூச்சமாக இருக்கிறது.

சரி, கேப்புக்கு வருகிறேன்.

படபடப்பு அடங்கட்டும் என்று ஒரு சைக்காலஜி பாட்காஸ்ட் போட்டேன். (மூளை, மனசு என்று யார் பேசினாலும் காதைக் கொடுத்துவிடும் கிறுக்கு எனக்கு உண்டு!)

அதில் ஒரு விஷயம் சொன்னார்கள். ரயிலில் அடிபடப்போகும் ஐந்து பேரைக் காப்பாற்ற ஒரே ஒருவரைப் பாலத்திலிருந்து தள்ளிவிடலாமா என்று கேட்கிறார்கள். தாய்மொழியில் கேட்டால் பலர் "ஐயோ, மாட்டேன்!" என்கிறார்கள். அதே கேள்வியைப் பின்னால் கற்ற மொழியில் கேட்டால், "தள்ளலாம்" என்பவர்கள் கூடிவிடுகிறார்களாம்! எல்லாச் சோதனையிலும் இப்படியே வருவதில்லை என்றும் சொன்னார்கள். சின்ன வயதில் வாங்கிய திட்டும் கொஞ்சலும் தாய்மொழிச் சொற்களோடு ஒட்டிக்கொண்டிருக்கின்றன, பரீட்சைக்குப் படித்த மொழியில் அந்தச் சூடு குறைவு, அதனால் கணக்கு மட்டும் போடுகிறோம் என்பது அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று.

பாட்காஸ்ட்டை நிறுத்தினேன்.

நான் அனுப்பிய அந்த ஒற்றைச் சொல்லைத் தமிழில் சொல்லிப் பார்த்தேன். வாய்விட்டே.

"பாண்டி, உன்னைய வேலைய விட்டு அனுப்பச் சொல்லி எழுதிக் குடுத்தது நான்தாம்ப்பா..."

அதற்கு மேல் வாய் வரவில்லை!

அதோடு இன்னொன்றும் ஞாபகம் வந்து தொலைத்தது. இரண்டு வாரத்துக்கு முன்பு டீக்கடையில் அவன் சொன்னது.

"அம்மாவுக்கு முட்டி ஆபரேஷனுக்குத் தேதி குடுத்துட்டாங்கக்கா. அடுத்த மாசம் எட்டாந்தேதி. கம்பெனி இன்ஷூரன்ஸ்ல அம்மா பேரும் இருக்குல்ல, அந்தத் தைரியத்துலதான் சரின்னுட்டேன்."

"நல்லதுப்பா, பத்திரமாப் பாத்துக்கோ"ன்னு நானேதான் சொன்னேன். சொன்ன அதே ஆள்தான் ஷீட்டையும் நிரப்பினேன். அவன் கடைசி வேலை நாள் இந்த மாதக் கடைசி. அதோடு இன்ஷூரன்ஸும் போச்சு!

கேப்பிலிருந்தே எச்ஆர் மேடத்துக்கு போன் போட்டேன்.

"மேடம், லிஸ்ட் லாக் ஹோ கயா," என்றார். பெயர் மாறாதாம். மாற்றினாலும் அந்த இடத்தில் இன்னொரு பெயரை நான்தான் எழுத வேண்டும். அந்த ஆளை எந்த மொழியில் நினைப்பது?

பெயரை விடுங்கள், தேதியையாவது தள்ளுங்கள் என்று என் அரைகுறை இந்தியில் கத்தினேன். "உஸ்கி மா கா ஆபரேஷன் ஹை!" (அவன் அம்மாவுக்கு ஆபரேஷன்!)

"ருகியே", கொஞ்சம் இருங்கள் என்று போனை வைத்துவிட்டார். நகத்தைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். பத்து நிமிடத்தில் அவரே கூப்பிட்டார். அடுத்த மாதக் கடைசி வரைக்கும் தள்ளியாயிற்று. வேலையை மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுக்க அவகாசம் என்று காரணம் போட்டாராம். (நல்லா இருக்கணும் அந்த மகராசி!)

பதினோரு மணி. கண்ணாடிச் சுவர் வைத்த சின்ன மீட்டிங் ரூம். படிக்கச் சொல்லி எச்ஆர் கொடுத்த ஆங்கிலத் தாளை மடித்து வைத்தேன். அந்த யோக்கியதையாவது எனக்கு இருக்கட்டும், தமிழில்தான் சொல்வது என்று முடிவு செய்திருந்தேன்.

"பாண்டி, உக்காருப்பா."

அந்த ரூமில் தமிழைக் கேட்டதுமே அவனுக்குப் புரிந்துவிட்டது.

"உன் வேலை போகுதுப்பா. பேரக் குடுத்தது நான்தான். அம்மா ஆபரேஷனுக்கு இன்ஷூரன்ஸ் இருக்கும், அத எப்படியோ கேட்டு வாங்கிட்டேன். ஆனா உன்னைய..."

கையைத் தூக்கித் தடுத்தான்.

"அக்கா, ப்ளீஸ். இங்கிலீஷ்லயே சொல்லிருங்கக்கா."

"ஏம்ப்பா?"

"தமிழ்ல கேட்டா அழுதுருவேன்க்கா. வெளிய இருந்து எல்லாரும் பாக்குறாய்ங்க."

மடித்த தாளைப் பிரித்துப் படித்தேன். ரோல், பிசினஸ் நீட், டிரான்சிஷன்... ஒவ்வொரு சொல்லுக்கும் தலையாட்டினான். அவன் கண்ணில் ஒரு சொட்டு இல்லை. முடிந்ததும் "அண்டர்ஸ்டுட், தேங்க்யூ" என்று எழுந்து, நாற்காலியை ஒழுங்காக உள்ளே தள்ளிவிட்டுப் போனான்.

மதியத்திலிருந்து என்னால் சீட்டில் உட்கார முடியவில்லை. ஆங்கிலம் எனக்குக் கேடயமாக இருந்தது, அதைத் தூக்கிப் போட்டுவிட்டேன் என்று பெருமையாக நினைத்துக்கொண்டு உள்ளே போனேன். அவனுக்கும் அது வேண்டியிருக்கும் என்று யோசிக்கவே இல்லை!

நான் தமிழில் சொன்னது அவனுக்காகவா, என் மனசு ஆறுவதற்காகவா?

தெரிந்தவர்கள் கமெண்ட்டில் சொல்லுங்கள். தமிழிலேயே சொல்லுங்கள். எனக்கு உறைக்கட்டும்.