மான் கழுத்தில் ஒரு கோடு

அச்சகத்தில் அவளுக்குப் பெயர் தூசி அக்கா. படத்தில் எள்ளளவு புள்ளி இருந்தாலும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடிப் பிடித்து அழிப்பாள். வீட்டிலும் இதே கூத்துதான். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே மேசையைத் துடைப்பாள். "தட்டையாவது விட்டு வைம்மா" என்று புருஷன் கிண்டல் செய்வார். பத்தொன்பது வருஷமாகக் காலண்டர் படங்களைத் திருத்துகிறவளிடம் வேறென்ன எதிர்பார்ப்பது?

மேகமூட்டத்தில் எடுத்த விலங்குப் படம் என்றால் மற்றவர்கள் தட்டிக் கழிப்பார்கள். வானம் வெள்ளைக் காகிதமாக வெறிச்சென்று இருக்கும். ரோமம் நீலம் பாய்ந்து உயிரில்லாமல் கிடக்கும். இவள் முதலில் அந்த வானத்தை வெட்டி எறிவாள். பிறகு முகத்துக்கு மட்டும் கொஞ்சம் வெளிச்சம், கண்ணுக்கு ஒரு துளி. இல்லாத வெயிலை மட்டும் கொண்டுவர மாட்டாள். "தரையில நிழலே இல்ல, முதுகுல மட்டும் வெயில் எங்கேருந்து வரும்?" என்பாள். அவ்வளவு நியாயக்காரி.

அவளுடைய தம்பி கடை வேலையை உதறிவிட்டுக் கேமராவும் கையுமாகக் காட்டில் திரிந்தான். ஏழு மாதமாக அவன் படங்களை ஒருவரும் சீண்டவில்லை. ஒரு பெண் மானை மட்டும் விடாமல் பின்தொடர்ந்தான். அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் வாயை மூடமாட்டான். தூறல் விடாத ஒரு திங்கட்கிழமை தொப்பலாக நனைந்து வந்து, கேமரா கார்டை அவள் மேசையில் வைத்தான். மான் அவனை நேருக்கு நேர் பார்க்கும் படம். ஆனால் ஒரே இருட்டு.

"அக்கா, இதை மட்டும் எப்படியாவது தேத்திக் குடு. இதுவும் போச்சுன்னா நான் திரும்பக் கடைக்கே போக வேண்டியதுதான்."

சாயங்காலத்துக்குள் தேற்றிவிட்டாள். கழுத்தைச் சுற்றி மங்கலாக ஒரு கோடு அழகைக் கெடுத்துக்கொண்டிருந்தது. குறுக்கே விழுந்த புல்லாக இருக்கும் என்று அதையும் அழித்தாள். முதலாளி பார்த்தவுடனே காலண்டர் அட்டைக்கு எடுத்துக்கொண்டார். தம்பிக்குத் தலைகால் புரியவில்லை.

வெள்ளிக்கிழமை மான் செத்துக் கிடந்தது. கழுத்தில் சுருக்குக் கம்பி. யாரோ திருட்டுத்தனமாக வைத்த கண்ணியைப் பிய்த்துக்கொண்டு ஓடியிருக்கிறது. கம்பி கழுத்தோடு வந்து, நாளுக்கு நாள் இறுகியிருக்கிறது. "முன்னாடியே யாராவது பார்த்துச் சொல்லியிருந்தா, மயக்க ஊசி போட்டு வெட்டி எடுத்திருக்கலாம்" என்று வனக்காவலர் சொன்னாராம். கம்பி எப்போது மாட்டியது என்று கண்டுபிடிக்கத் தம்பியின் படத்தைக் கேட்டிருக்கிறார்.

தம்பி நேராக அச்சகத்துக்கு வந்தான். அழுது அழுது கண் வீங்கியிருந்தது.

"நீ திருத்தின படத்துல கம்பியே இல்லக்கா. அப்போ திங்கக்கிழமைக்கு அப்புறம்தான் மாட்டியிருக்கு, இல்ல?"

திருத்தாத படம் அவளிடம் மட்டும்தான் இருந்தது. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவனும் மனம் ஆறிப் போவான், அவளும் தப்பித்துக்கொள்வாள். சொல்லத்தான் வாயைத் திறந்தாள். அவன் முகத்தைப் பார்த்ததும் முடியவில்லை.

"இருந்துச்சுடா. புல்லுன்னு நெனச்சு நான்தான் அழிச்சேன்."

கத்துவான் என்று எதிர்பார்த்தாள். அவன் கத்தவில்லை. "வனக்காவலருக்குக் காட்டணும். கம்பி நல்லாத் தெரியற மாதிரி பண்ணு" என்று மட்டும் சொல்லிவிட்டு அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றான்.

திருத்தாத படத்தைத் திறந்து, கழுத்துக்கு மட்டும் வெளிச்சம் ஏற்றினாள். சாம்பல் மூட்டம் விலக விலகக் கம்பி துலங்கியது. அதன் கீழே ரோமம் உதிர்ந்து, விரலகலத்துக்குப் புண். அன்று அதை மழையில் நனைந்த திட்டு என்று நினைத்து, பக்கத்து ரோமத்தை எடுத்து அழகாக மூடியிருந்தாள். அந்த நிமிஷம் தன் கைகளைப் பார்க்கவே அவளுக்குப் பிடிக்கவில்லை.

தம்பி குனிந்து, திரையில் அந்தப் புண்ணின் மேல் விரலை வைத்தான்.

"இதையுமாக்கா?"

"ஆமாடா" என்றாள். "இதையும்தான்."